கூட்டத்தொடர் இல்லாத மாதங்கள்

ஷார்ஜாவில் என் கணவரும் மகளும் குடியிருக்கும் கட்டடத்துக்குள் நுழைய ஓர் அட்டை வேண்டும். வீட்டுக்கு இரண்டு அட்டை கொடுப்பார்கள். ஒன்று அவரிடம் இருக்கிறது, ஒன்று அவளிடம். மூன்றாவது வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், யாரும் கேட்கவில்லை. வருஷத்துக்கு மூன்று தடவை பெட்டியோடு வந்துவிட்டுப் போகிறவளுக்கு அட்டை எதற்கு? அதனால் கீழே க்ரோசரிக்குப் போய்த் தயிர் வாங்கி வந்தால்கூட, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே மேசையில் இருக்கும் செக்யூரிட்டியைப் பார்த்துக் கையை ஆட்டுவேன். அவர் பொத்தானை அழுத்துவார், கதவு திறக்கும். தில்லியில் என் அறைக்கு வெளியே மனிதர்கள் காத்திருப்பார்கள். இங்கே நான் தயிர் டப்பாவோடு காத்திருப்பேன். நல்ல நியாயம்தான்.

தில்லியில் எனக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு விளக்கி விளக்கி வாய் வலித்துப்போயிற்று. முன்னாள் படைவீரர்களின் நலனைக் கவனிக்கும் அரசுத் துறையில், நாடாளுமன்றத்தோடு நடக்கும் விவகாரம் எல்லாம் என் தலையில். தன் தொகுதியில் ஒரு ஹவில்தாரின் மனைவிக்கு மருத்துவ வசதி மறுக்கப்பட்டது ஏன் என்று ஓர் எம்.பி. கேள்வி கேட்டால், அந்தக் கேள்வி என் மேசைக்கு வரும். பதில் என் மேசையிலிருந்து போகும். அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்லும்போது, பக்கத்தில் அதிகாரிகளுக்கென்று இருக்கும் மாடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். அங்கே பேசக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. உறுப்பினர் நாம் எதிர்பார்க்காத துணைக் கேள்வி ஒன்றைத் தூக்கிப் போட்டால், பதிலைச் சீட்டில் எழுதி அமைச்சருக்கு அனுப்பலாம். ஆனால் சீட்டு அனுப்பும்படி ஆனாலே எனக்கு அவமானம். என்னென்ன துணைக் கேள்விகள் வரும் என்று முன்கூட்டியே யோசித்து, எல்லாவற்றுக்கும் பதில் தயார்செய்து அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன்: அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இதில் முக்கியமான சங்கதி, வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. "செய்கிறோம்" என்று அமைச்சர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது உறுதிமொழி ஆகிவிடும். சொன்னீர்களே, செய்தீர்களா என்று கேட்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது, வருஷக்கணக்கில் விடாது. அதனால் "இது தொடர்ந்து நடைபெறும் பணி", "முயற்சிகள் எடுக்கப்பட்டு வருகின்றன" என்று பிடி கொடுக்காமல் எழுதப் பழக வேண்டும். பழகிவிட்டேன். ஒரு வாரத்தில் எங்கள் துறைக்குக் கேள்வியே வரவில்லையென்றால் என் கீழே இருக்கும் பிள்ளைகளிடம், "போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாருங்கள்" என்பேன். கேள்வி இல்லையென்றால் பிரச்சினை இல்லை. எங்கள் தொழிலில் அதுதான் வேதம்.

வளைகுடாக் குடும்பம் என்றால் ஊருக்குத் தெரிந்தது ஒரே மாதிரி. புருஷன் அங்கே, பெண்டாட்டி பிள்ளை இங்கே. எங்கள் வீட்டில் அது தலைகீழ். என் கணவர் வேலை பார்த்த சென்னைக் கம்பெனியை மூடியபோது அவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது. எனக்கோ தில்லியில் அப்போதுதான் பதவி உயர்வு. மகளுக்கு ஆறு வயது. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது நான் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதோ பத்தோ ஆகும். ஆறு வயதுக் குழந்தையை அதுவரை யாரிடம் விட? ஷார்ஜாவில் பக்கத்து ஃபிளாட்டிலேயே பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மலையாளி அம்மா இருந்தார். கொஞ்ச நாளைக்கு அவள் அப்பாவோடு இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அந்தக் கொஞ்ச நாள்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விருதுநகரில் ஒரு கல்யாணத்தில், தூரத்து உறவில் ஒரு மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு பரிதாபப்பட்டார்.

"வீட்டுக்காரர் துபாயிலயா? பாவம், ஒத்தைல பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பாடுபடுதியோ."

"பிள்ளையும் அங்கதான் மதினி இருக்கா."

கையை விட்டுவிட்டார். "அப்ப நீ யாருக்காக இங்க கெடக்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இல்லை. சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிட்டார்கள், தப்பித்தேன்.

லீவு கிடைப்பதும் எங்களுக்கு ஒத்துவராது. வளைகுடாவில் இந்தியப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலையும் ஆகஸ்டும். அதே மாதங்களில்தான் இங்கே மழைக்காலக் கூட்டத்தொடர். அப்பாவும் மகளும் தில்லிக்கு வந்தால் நான் அலுவலகத்தில் இருப்பேன். அவர்கள் இரண்டு பேரும் குதுப்மினாரைப் பார்த்துவிட்டு வருவார்கள். எத்தனை தடவைதான் குதுப்மினாரைப் பார்ப்பது? பிறகு நேரே ஊருக்குப் போகத் தொடங்கினார்கள். அவளுடைய தேர்வுக் காலத்தில் இங்கே பட்ஜெட் கூட்டத்தொடர். ஆக, கூட்டத்தொடர் இல்லாத மாதங்களில்தான் நான் தாய். அந்த மாதங்களில் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

இவ்வளவையும் ஒரு நம்பிக்கையில்தான் தாங்கிக்கொண்டிருந்தேன். அவள் பன்னிரண்டாவது முடித்ததும் தில்லிக்குப் படிக்க வருவாள், என்னோடு இருப்பாள். இதை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. ஆனால் வேறென்ன நடக்கும்? தில்லியில் இல்லாத கல்லூரியா? அரசுக் குடியிருப்பில் பெரிய வீடாகக் கேட்டு மாறினேன். தெருப்பக்கத்து அறையை அவளுக்கென்று ஒதுக்கி, மேசை போட்டு, திரை மாட்டினேன். அவள் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். "அம்மா, நான் உங்ககூட வந்து இருக்கவா?" என்று கேட்பாள். விடுதியா வீடா, மெட்ரோவா காரா, ராத்திரி எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று அடுத்தடுத்து எல்லாம் கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. சின்ன வயதில் நிறையக் கேட்பாள். ஃபோனில், "ஆன்யுவல் டேக்கு வருவீங்களாம்மா?" என்பாள். "முயற்சி பண்றேன்டா" என்பேன். "என் பர்த்டேக்கு?" "பாக்கலாம் கண்ணு." போகப் போகக் கேட்பதை நிறுத்திவிட்டாள். பெண் பொறுப்பாக வளர்ந்துவிட்டாள் என்று அலுவலகத் தோழியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டவள் நான்.

இந்த முறை மழைக்காலக் கூட்டத்தொடரும் அதன் பின்வேலைகளும் முடிந்து, அக்டோபரில் இரண்டு வாரம் வந்திருந்தேன். ஷார்ஜாவில் வெயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் பாஸ்போர்ட்டைப் புரட்டி, "விசிட்?" என்றான். ஆமாம், விசிட். என் குடும்பத்துக்கு நான் விசிட்.

கணவர் துபாய் நெரிசலுக்குப் பயந்து விடியும் முன்பே கிளம்பிவிடுவார். மகள் ஆறரைக்கு ஸ்கூல் பஸ்ஸுக்கு இறங்குவாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் நானும் ஏ.சி. சத்தமும்தான். சமைக்கலாம் என்று அடுப்படிக்குப் போனால் புளி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பேன். போன தடவை வந்தபோது நான் அடுக்கி வைத்ததையெல்லாம் அவர்கள் பழையபடி மாற்றியிருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் வீடு. காலையில் டம்ளர்களைக் கழுவும்போது பார்ப்பேன், எப்போதும் இரண்டு காபி மக்குகள்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். நான் வந்தால் மேல்தட்டிலிருந்து ஒன்று இறங்கும். பகலில் தில்லியிலிருந்து அலுவலக ஃபோன் வந்தால், "லீவுல கூட விடமாட்டேங்கறாங்க" என்று வாய் சொல்லும். மனசுக்குள் அப்பாடா என்று இருக்கும். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

சாயங்காலம் மகள் வருவாள். "ஹாய்மா, சாப்டீங்களா?" என்பாள். அன்பான பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பன்னிரண்டாவது அல்லவா, படிக்கிறாள் என்று நான் டிவி சத்தத்தைக் குறைப்பேன். அப்பா வந்ததும் கதவு திறக்கும். இரண்டு பேரும் ஏதோ ஒரு டீச்சரைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். பாதியில் நிறுத்தி எனக்கு விளக்குவார்கள். சிரிப்பை விளக்கினால் என்ன மிஞ்சும்? நானும் சிரித்து வைப்பேன்.

வந்து மூன்றாம் நாள், தயிரோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். செக்யூரிட்டி பொத்தானை அழுத்தாமல் தானே எழுந்து வந்து கதவைத் திறந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது, நிமிர்ந்த உடம்பு. வேலூர்ப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"மேடம், ஒரு நிமிசம். நீங்க டெல்லில நம்ம டிபார்ட்மென்ட்டுதானாமே?"

"எந்த டிபார்ட்மென்ட்?"

"எக்ஸ் சர்வீஸ்மேன் மேடம். நானு ராணுவத்துல ஹவில்தாரா இருந்து வந்தவன். பாப்பாதான் சொல்லிச்சி. 'எங்கம்மா பார்லிமென்ட்டுக்கே பதில் சொல்றவங்க அங்கிள், அவங்ககிட்ட சொல்லுங்க, கண்டிப்பா முடிச்சி குடுப்பாங்க'ன்னிச்சி."

எந்தப் பாப்பா என்று கேட்கப் போய் நிறுத்திக்கொண்டேன். என் மகளைத்தான் சொல்கிறார். என் வேலையைப் பற்றி அவள் வெளியாளிடம் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். கையில் தயிர் டப்பா இருப்பதுகூட மறந்துவிட்டது.

அவருடைய மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்ய வேண்டும். ராணுவத்திலிருந்து வந்தவர்களின் குடும்பத்துக்கான மருத்துவ அட்டையில் மனைவியைச் சேர்க்க, அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஊரில் ஓர் அலுவலர் சொல்லிவிட்டாராம்.

"லீவு கேட்டா மாஃபி, கெடையாதுன்றான் மேடம். பன்னண்டு மணி நேரம் டூட்டி, அப்புறம் லேபர் கேம்ப்ல போய் படுக்கணும். நான் எங்க போறது?"

எனக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்கத்தான் வேண்டும், விதியே அப்படி இல்லை. துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று வாங்கி அனுப்பினாலே போதும். எத்தனை எம்.பி.க்களுக்கு இதையே பதிலாக எழுதியிருக்கிறேன்! அந்த லாபியில் நின்றபடியே தில்லிக்கு ஒரு ஃபோன், சென்னைக்கு ஒரு ஃபோன். என் குரல் அதட்டலாக உயர்ந்தது எனக்கே கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்றிருந்தது. எந்தத் தாளை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன். மறுநாளே அரை நாள் அனுமதி வாங்கிப் போய்வந்தார்.

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. அன்றைக்கு நான் வெளியே நின்று கையாட்டவே இல்லை. தூரத்தில் என்னைப் பார்த்ததும் வந்து கதவைத் திறந்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கண் கலங்கியிருந்தது.

"அட்மிசன் போட்டுட்டாங்க மேடம். உங்கள என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பாப்பாவையும்தான்."

"அவளுக்கு நான் சொல்றேன்."

"தங்கமான பொண்ணு மேடம். தெனம் பஸ்சு வர்ற வரைக்கும் எங்கூட பேசிக்கினு நிக்கும். படிக்க நெதர்லாந்துக்குப் பூட்டா எங்களுக்குத்தான் கஸ்டம். போற அன்னிக்கி நீங்க இங்க இருப்பீங்கல்ல மேடம்?"

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நம் துறையில் நடக்கிற ஒன்றை, அவையில் ஓர் உறுப்பினர் எழுந்து சொல்லி நாம் தெரிந்துகொள்வது. எனக்குத் தெரிந்த ஓர் அதிகாரிக்கு அப்படி நடந்தது. மாடத்தில் அவர் முகம் வெளுத்ததை அவையே பார்த்தது. என் முகம் வெளுக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் எங்கே போகும்?

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினேன்.

லிஃப்டில் முதலில் வந்தது கோபம்தான். பதினேழு வயதுக் கழுதைக்கு என்ன திமிர்! அப்புறம் நெதர்லாந்து எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். அப்புறம் தில்லியில் அந்தத் தெருப்பக்கத்து அறைத் திரை நினைவுக்கு வந்தது, மஞ்சள் நிறம், மூன்று கடை ஏறி இறங்கி எடுத்தது. வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று வெகுநேரம் சாவியைத் தேடினேன். சாவி கையில்தான் இருந்தது.

கணவர் ஏழு மணிக்கு வந்தார். ஷூவைக் கழற்றக்கூட விடவில்லை.

"நெதர்லாந்து என்னங்க?"

அவர் குனிந்தபடியே லேஸை அவிழ்த்தார். "சொல்லிட்டாளா?"

"செக்யூரிட்டி சொன்னாரு."

"அவளே சொல்றேன்னா. நீ வந்ததும் சொல்றேன்னா."

"வந்து பத்து நாளாகப் போகுது. அவளுக்கு வாய் இல்லியா?"

"நீ கேட்டியா?"

"என்னத்தக் கேக்கணும்?"

"அடுத்து என்னம்மா பண்ணப் போறேன்னு ஒரு வார்த்த."

"அவ டெல்லி வருவான்னு எனக்குத் தெரியாதா? அதுல கேக்க என்ன இருக்கு?"

அவர் ஷூவை ஓரமாக வைத்தார். சண்டை போடும் மனிதர் இல்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாயிருக்கும். "செக்யூரிட்டிக்கு எப்படித் தெரியும்னுதான யோசிக்கற. அவரு தெனம் கேப்பாரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். யார் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன் என்று பெயர் எடுத்தவள் நான். என் பெண் எதையும் கேட்காமல் இருந்தபோது, பிரச்சினை இல்லை என்று எழுதி மூடிவிட்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழாத பிள்ளை வேறு அடுப்பில் பால் காய்ச்சக் கற்றுக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கு விடுமுறை. கணவருக்குத் துபாயில் டூட்டி. அவர் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அடை வார்த்தேன். வார்த்துக்கொண்டே மனசுக்குள் பேச்சைத் தயார்செய்தேன், வேறென்ன தெரியும் எனக்கு? குளிர் தாங்குவாயா, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய், உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள், அந்தப் படிப்புக்கு நம் ஊரில் மதிப்பு உண்டா, திரும்பி வருவாயா. ஒவ்வொன்றிலும் அவளை எப்படி மடக்கலாம் என்று யோசித்து வைத்தேன். எதிரே உட்காரப்போவது எதிர்க்கட்சி இல்லை, என் பெண் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

கதவைத் தட்டினேன். அவள் வந்து உட்கார்ந்தாள். அடையைப் பார்த்து, "தேங்க்ஸ்மா, நான் காலைல ஓட்ஸ்தான் சாப்டுவேன். இட்ஸ் ஓகே, இன்னிக்கி சாப்டறேன்" என்றாள்.

"நெதர்லாந்தாமே" என்றேன்.

கையில் இருந்த அடையைத் தட்டில் வைத்தாள். "அப்பா சொன்னாரா?"

"யாரு சொன்னா என்ன? நான் கடைசியா தெரிஞ்சிக்கற ஆளு."

"சாரிமா. சொல்லணும்னுதான் இருந்தேன். எப்டி ஸ்டார்ட் பண்றதுன்னு தெரியல."

நான் கேட்கத் தொடங்கினேன். குளிருக்குப் பதில் இருந்தது. சாப்பாட்டுக்குப் பதில் இருந்தது. அப்பாவிடம் சமையல் கற்றுக்கொண்டிருக்கிறாளாம், ரசம் வரை வந்துவிட்டாளாம். உடம்புக்கு வந்தால் என்பதற்கு மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பதற்றமில்லாமல் சொன்னாள். நீர் மேலாண்மை படிக்கப் போகிறாள்; கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நாடு, அதைவிட யார் நன்றாகச் சொல்லித்தருவார்கள் என்றாள். நான் ஒன்று கேட்டு முடிக்கும் முன்பே அடுத்ததற்கும் சேர்த்துப் பதில் வந்தது. மாடத்தில் உட்கார்ந்து ஒரு தேர்ந்த அமைச்சரைக் கேட்பதுபோல இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. எல்லாம் என்னிடமிருந்து வந்ததுதான், யாரை அடிக்க?

கேள்விகள் தீர்ந்துபோயின. அடை ஆறிவிட்டது. கீழே தெருவில் யாரோ ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நான் தயார்செய்யாத ஒன்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்கூட வந்து இருக்கணும்னு உனக்குத் தோணவே இல்லியாடா?"

முதல்முறையாக அவளிடம் பதில் உடனே வரவில்லை. மேசையில் விரலால் கோடு இழுத்தாள்.

"தோணும்மா. சின்னப் பொண்ணா இருக்கறப்ப தெனம் தோணும். நீங்க ஊருக்குக் கெளம்பினப்புறம் ரெண்டு நாளைக்கு உங்க டவல யாரையும் தொடவிட மாட்டேன். அப்பாகிட்ட கேளுங்க."

"அப்ப இப்ப?"

"இப்ப..." என்று நிறுத்தினாள். என்னைப் புண்படுத்தாத வார்த்தையைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. பிறகு தேடுவதை விட்டுவிட்டாள்.

"டெல்லிக்கு வந்தா நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க. நான் ரூம்ல இருப்பேன். எப்ப வருவீங்கன்னு பாத்துட்டே இருப்பேன். ஃபோன் பண்ணா 'பாக்கலாம்'னு சொல்வீங்க. உங்க மேல கோவம் இல்லம்மா, ப்ராமிஸ். உங்க வேல எவ்ளோ முக்கியம்னு எனக்குத் தெரியும், எல்லார்ட்டயும் சொல்வேன். ஆனா அங்க போனா, யாருக்காகவும் வெயிட் பண்ண வேண்டாம்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. தில்லிக்கு வா, நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். விடமாட்டேன் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் சொல்லவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதேன். அவள் முன்னால் நான் அழுவது அதுதான் முதல்முறை. சத்தம் போட்டு, அசிங்கமாக அழுதேன், மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு.

நாற்காலி பின்னால் நகர்வது கேட்டது. எழுந்து அறைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மா, நான் உங்கள கட்டிப் புடிச்சிக்கலாமா?"

பெற்றவளைத் தொட அனுமதி கேட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். யாரிடமும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது நல்ல வழக்கமாகவும் இருக்கலாம். அப்பாவிடம் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் சோபாவில் சாய்ந்திருந்தால் போய் மேலே விழுவாள்.

எழுந்து நின்றேன். அவள் கட்டிக்கொண்டபோது என் நெற்றி அவள் தோளில் இடித்தது. அவள் என்னைவிட உயரமாகிவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.